வெட்கத்துக்கு அத்தாட்சி: ஓர் ஆய்வேடும் எமது மௌனமும்

ஆய்வேடு ஒன்றை விமர்சிக்க எமக்கு என்ன தகுதி என்று கேட்பவர்கள் இருப்பார்கள். நியாயமான கேள்விதான். பல்கலைக்கழகத்தில் இரண்டு வருடம் இருந்தோம். மூன்றாவது வருடத்தைக் காணக் கிடைக்கவில்லை. லண்டனுக்கு வந்த நாள் முதலாக ஒரு தமிழ்ச் சாப்பாட்டுக்கடையின் கிச்சினில் நிற்கிறோம். கொத்து றொட்டித் தகட்டின் சத்தத்துக்குள் நிற்பவனுக்கு 'கோட்பாடு' என்ற சொல் கொஞ்சம் தூரத்தில்தான் கேட்கும். ஆனால் அகதிகளைப் பற்றி எழுதப்படும் எதையும் படித்து அபிப்பிராயம் சொல்ல அகதிக்கு உரிமை உண்டு என்றே நினைக்கிறோம். அந்த உரிமையைத் தவிர வேறு தகுதி எதையும் இங்கே கொண்டுவரவில்லை.

நாம் படித்தது எஸ். செல்வன் 2019இல் சவுத்ஹாம்ப்ரன் பல்கலைக்கழகத்தில் சட்டத்துறைக் கலாநிதிப் பட்டத்துக்காக எழுதிய ஆய்வேடு. அதன் தலைப்பைத் தமிழில் 'வானவில்லின் முடிவில்: குயர் அகதி இனி எங்கே?' என்று சொல்லலாம். செல்வன் லண்டனில் புகலிட வழக்குகளை வாதாடும் பாரிஸ்டர். இலங்கைத் தமிழ்ப் பின்னணி கொண்டவர். தன்பாலீர்ப்பு உள்ளவர்கள் புகலிடம் கேட்டு வரும்போது அவர்களை எப்படி விசாரிப்பது, எதைக் கொண்டு நம்புவது என்ற விடயத்தில் ஐரோப்பாவில் பலரும் எடுத்துக்கொண்ட ஒரு முறையை வகுத்தவர். இப்படி ஒருவர் எம்மவருக்குள் இருக்கிறார் என்பதே எமக்கு இவ்வளவு காலமும் தெரியாது. தமிழ்க் கடைகளில் அடுக்கிவைத்திருக்கும் இலவசப் பத்திரிகைகளில் கோவில் திருவிழா, பூப்புனித நீராட்டு விழா, அந்தியேட்டி அழைப்பு எல்லாம் வரும். இதுமாதிரியான செய்தி எமது கண்ணில் படவில்லை.

'குயர்' என்ற சொல்லுக்குத் தமிழ் என்ன என்ற தொல்லை வேறு. 2022இல் தமிழ்நாடு அரசு, சென்னை உயர்நீதிமன்ற வழக்கொன்றை ஒட்டி, இவர்களைக் குறிப்பதற்கான சொற்பட்டியலை அரசிதழில் வெளியிட்டது. 'தன்பாலீர்ப்பு', 'பால்புதுமையர்' போன்ற சொற்கள் அங்கே இப்போது புழங்குகின்றன. எமது கிச்சினில் புழங்கும் சொற்களை இங்கே அச்சிட முடியாது. அந்தச் சொற்களை நாமும் சொல்லிச் சிரித்திருக்கிறோம் என்பதை மட்டும் முதலிலேயே எழுதிவிடுகிறோம்.

ஆய்வேட்டை விளங்கிக்கொள்ளக் கொஞ்சம் பின்னால் போகவேண்டும். 1951ஆம் ஆண்டு அகதிகள் சாசனம் இனம், மதம், தேசியம், அரசியல் கருத்து, குறிப்பிட்ட சமூகக் குழு என்று ஐந்து காரணங்களைச் சொல்கிறது. எம்மில் அநேகர் நாலாவது கதவால் உள்ளே வந்தவர்கள். தன்பாலீர்ப்பு உள்ளவர்கள் வருவது ஐந்தாவது கதவால். பிரித்தானியாவில் அந்தக் கதவை அகலத் திறந்தது 1999 மார்ச்சில் இரண்டு பாகிஸ்தானியப் பெண்களின் வழக்கில் பிரபுக்கள் சபை கொடுத்த தீர்ப்பு. கதவு திறந்ததே தவிர உள்ளே போனவர்கள் குறைவு. 'நீ அப்படிப்பட்டவன் என்றே வைத்துக்கொள்வோம். ஊருக்குத் திரும்பிப்போய் ஒருவருக்கும் தெரியாமல் அடக்கமாக இருக்கலாம்தானே?' என்பது பத்துப் பதினைந்து வருடம் அவர்களுக்குக் கிடைத்த பதில். 2010 ஏப்ரலில் பிரித்தானியாவின் தன்பாலீர்ப்பாளர் குடிவரவுக் குழு (2021இலிருந்து இதன் பெயர் றெயின்போ மைக்கிறேசன்) தான் ஆராய்ந்த மறுப்புகளை வைத்து ஓர் அறிக்கை போட்டது. புகலிடக் கோரிக்கைகளில் முதல் முடிவிலேயே நிராகரிக்கப்படுபவை பொதுவாக 73 வீதம். இவர்களுடையவற்றில் அது 98, 99 வீதம்.

அதே வருடம் யூலை 7ஆம் திகதி உச்ச நீதிமன்றம், ஈரானியர் ஒருவரதும் கமரூன் நாட்டவர் ஒருவரதும் வழக்கில் அந்தப் பதிலைத் தூக்கியெறிந்தது. ஒளித்து வாழ்ந்தால்தான் உயிர் தப்பும் என்றால் அந்த ஒளிப்பே துன்புறுத்தலின் அடையாளம் என்பது தீர்ப்பின் சாரம். ஆன் பிராங்க் பரணுக்குள் பிடிபடாமல் இருந்தபடியால் அவருக்கு அச்சம் இல்லை என்று சொல்வதா என்ற பொருளில் நீதிபதிகளில் ஒருவர் கேட்டிருந்தார். இன்னொருவர், றொட்ஜர் பிரபு, மற்ற ஆண்கள் றக்பி விளையாடி பியர் குடித்துச் சந்தோசமாக இருப்பதுபோல இவர்களும் கைலி மினோக்கின் இசைநிகழ்ச்சிக்குப் போகவும் நிறம் நிறமான கொக்ரெயில் குடிக்கவும் சுதந்திரம் வேண்டும் என்று உதாரணம் காட்டினார். நல்ல மனதோடு சொன்னதுதான். ஆனால் முல்லைத்தீவுப் பெடியனுக்குக் கைலி என்றால் தமிழ்நாட்டுப் படத்தில் கட்டும் சாரம். அதற்குமேல் அவனுக்கு ஒன்றும் தெரியாது.

இந்தச் சிரிப்புக்குள் ஒரு பெரிய பிரச்சினை இருக்கிறது. ஒளித்திரு என்று சொல்ல முடியாமல் போனதும் கேள்வி 'நீ உண்மையிலேயே அப்படிப்பட்டவனா?' என்று மாறியது. இது வரப்போகிறது என்று ஜெனி மில்பாங்க் என்ற அவுஸ்திரேலிய ஆய்வாளர் 2009இலேயே எழுதியிருந்தார். அப்படியே நடந்தது. கிளப்புக்குப் போனாயா, எத்தனை பேர், என்ன செய்தீர்கள் என்று விசாரணை படுக்கையறைக்குள் போயிற்று. 2014இல் சுயாதீனப் பிரதம பரிசோதகர் ஜோன் வைன் கொடுத்த அறிக்கை, பார்த்த விசாரணைகளில் ஐந்தில் ஒன்றளவில் வாய்ப்பாட்டுத்தனமான கேள்விகள் இருந்ததையும், பத்தில் ஒன்றளவில் கேட்கக்கூடாத பாலியல் கேள்விகள் இருந்ததையும் சொன்னது. சிலர் தமது அந்தரங்கத்தை வீடியோ எடுத்துக் கொண்டுவந்து கொடுத்தார்கள். அதை ஏற்கவும் கூடாது என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2014 டிசெம்பர் 2ஆம் திகதி தீர்ப்புச் சொல்லவேண்டியிருந்தது.

இதைப் படிக்கும்போது எமக்கு 'ஐயோ, பாவம்' என்ற எண்ணம் வரவில்லை. 'இது எமக்குத் தெரிந்த இடமல்லவா' என்ற எண்ணம்தான் வந்தது. 1987 பெப்ரவரியில் ஹீத்றோ விமான நிலையத்தில், திருப்பி அனுப்புவதற்காகக் கொண்டுவரப்பட்ட ஐம்பதுக்கும் மேற்பட்ட தமிழர்கள் குளிருக்குள் உடுப்பைக் களைந்து நின்றார்கள். வேறு பாசையில்லாமல் உடம்பால் பேசிய நாள் அது. பிறகு முதுகுத் தழும்புகள். சூடு வைத்த தழும்பை நீயே சொல்லி வைத்துக்கொண்டாய் என்று கீழே ஒரு தமிழரின் வழக்கில் முடிவெடுத்திருக்க, அந்த முடிவை 2019 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் வரை போய்த்தான் மாற்ற முடிந்தது. உடம்பைக் காட்டு, நம்புகிறேன். காட்டினால், ஏன் இவ்வளவு வடிவாகக் காட்டுகிறாய் என்று சந்தேகப்படுகிறேன். இந்த விளையாட்டின் விதிகளை எம்மைவிட நன்றாகப் படித்த சமூகம் லண்டனில் இல்லை.

செல்வனின் முறை இந்த இடத்தில்தான் வருகிறது. அவர் அதை 2011இல் வகுத்தார். அதிகாரி படுக்கையைப் பற்றிக் கேட்கவேண்டாம். நான்கு விடயங்களைச் சுற்றி ஆளைக் கதைக்க விடட்டும். வேறுபாடு: நான் மற்றவர்கள்போல இல்லை என்று எப்போது உணர்ந்தாய்? இழுக்கு: அப்படிப்பட்டவர்களை உன்னைச் சுற்றியுள்ளவர்கள் எப்படிப் பார்த்தார்கள்? வெட்கம்: அது உனக்குள் என்ன செய்தது? தீங்கு: வெளியே தெரிந்தால் என்ன நடக்கும்? அடுத்த வருடம் ஐ.நா. அகதிகள் உயர்ஸ்தானிகராலயம் வெளியிட்ட 9ஆம் இலக்க வழிகாட்டியிலும் இந்தச் சிந்தனையின் தடம் தெரியும். இது ஒரு பெரிய காரியம் என்பதில் எமக்குச் சந்தேகமில்லை. விசாரணையைப் படுக்கையிலிருந்து எழுப்பி ஒரு வாழ்க்கையின் பக்கம் திருப்பியது. காதலிக்காதவனும், ஒருவரையும் தொடாதவனும்கூடத் தன்னைச் சொல்ல வழி கிடைத்தது.

எமது கேள்விகள் அதற்குப் பிறகு தொடங்குகின்றன. இந்த நான்கு சொற்களையும் தமிழில் யார் சொல்வது?

வெங்காயம் உரிக்கும் நேரத்தில் நாம் இதை ஒரு பெடியனோடு செய்து பார்த்தோம். அவனைப் பற்றிப் பிறகு சொல்கிறோம். 'வேறுபாடு' என்றதும் அவனுக்கு உடனே விளங்கியது. "பத்து வயசிலையே தெரியும் அண்ணை. என்னெண்டு தெரியும் எண்டு கேட்டால் சொல்லத் தெரியாது." 'இழுக்கு' என்ற சொல் விளங்கவில்லை. "நாலுபேர் கதைக்கிறதோ? அப்பிடியெண்டால் ஓம்." மூன்றாவதில் சிக்கிக்கொண்டோம். வெட்கம் என்றோம். "வெக்கம் பொம்பிளை பாக்கப் போகேக்கை வாறது." அவமானம் என்று மாற்றினோம். "அது மற்ற ஆக்கள் எனக்குச் செய்யிறது." குற்ற உணர்வு? "நான் என்ன குற்றம் செய்தனான்?" மானம்? "மானம் அப்பான்ர." கடைசியில் கத்தியை வைத்துவிட்டுச் சொன்னான்: "பயம் எண்டு எழுதுங்கோ அண்ணை. எனக்குப் பயம்தான் இருந்தது."

பயத்துக்கு அந்த நான்கில் தனி இடமில்லை. அகதிகள் சாசனத்தின் மூலச்சொல்லே அச்சம்தான். அந்த அச்சத்தை எவ்வளவு நிரூபிக்கவேண்டும் என்று பிரபுக்கள் சபை 1987 டிசெம்பரில் சொன்னது தமிழர்களின் வழக்கில்; இன்றும் சட்டப் புத்தகங்களில் அது சிவகுமாரன் வழக்கு. அந்தத் தமிழர்கள் தோற்றார்கள். ஆனால் 'நியாயமான அளவுக்கு நடக்கக்கூடியது' என்றால் போதும் என்ற அளவுகோல் அதில்தான் நிலைபெற்றது. 2022ஆம் ஆண்டின் தேசியத்துவ, எல்லைகள் சட்டம், யூன் 28ஆம் திகதிக்குப் பிறகு கேட்பவர்களுக்கு அந்த அளவுகோலை இரண்டாக முறித்தது. என்ன நடக்கும் என்பதற்குப் பழைய அளவு. நீ யார் என்பதற்கு அதைவிடக் கடுமையான அளவு: இல்லை என்பதைவிட ஆம் என்பதற்கே கூடுதல் சாத்தியம் என்று காட்டவேண்டும். தழும்பு உள்ளவன் தழும்பைக் காட்டுவான். உள்ளுக்குள் இருப்பதை ஐம்பது வீதத்துக்கு மேலே எப்படிக் காட்டுவது? இந்தச் சட்டம் வந்தபிறகு செல்வனின் மூன்றாவது சொல்லின் மேல் வைக்கப்படும் பாரம் அவர் அதை வகுத்தபோது இருந்ததைவிடப் பெரிது. வெட்கப்பட்டதற்கு அத்தாட்சி கேட்கிற காலம் இது.

இந்த முறையை ஒரு பட்டியலாக மாற்றி ஒவ்வொன்றாகச் சரி போடுகிறார்கள், பெண்களின் அனுபவம் இதற்குள் அடங்கவில்லை என்று டோசன், கேர்பர் என்ற இருவர் 2017இல் விமர்சித்திருக்கிறார்கள். எமக்கு அது சரியாகவே படுகிறது. எமது ஊரில் ஒரு பெண்பிள்ளைக்கு 'நான் வேறு' என்று உணர நேரம் கிடைக்குமுன் கலியாணம் நடந்துவிடும். அவளிடம் உள்மனப் பயணத்தைக் கேட்டால் அவள் பிள்ளைகளின் பிறந்த திகதிகளைத்தான் சொல்லுவாள். இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவையின் 365அ பிரிவு 1995 வரை ஆண்களைத்தான் குறித்தது. திருத்துகிறோம் என்று வந்தவர்கள் 'ஆட்கள்' என்று மாற்றிப் பெண்களையும் உள்ளே சேர்த்தார்கள். சமத்துவம் எமது நாட்டில் வந்த வழி அது.

இனி அந்தப் பெடியன். இதை எழுதலாமா என்று பலநாள் யோசித்தோம். அவன்தான் பெயரை விட்டுவிட்டு எழுதுங்கோ என்றான்.

2018இல் வந்தான். கடையில் பிளேற் கழுவச் சேர்ந்து எமது றூமிலேயே மூன்றாவது கட்டிலில் படுத்தான். எமக்கு எழுத்துக் கொஞ்சம் வரும் என்பதால் பெடியன்களுக்குக் கேஸ் எழுதிக் கொடுப்பது எமது இரண்டாவது உத்தியோகம். காசு வாங்குவதில்லை. அவனுக்கும் எழுதினோம். தமையன் இயக்கத்தில் இருந்தது உண்மை, 2009இல் காணாமல் போனதும் உண்மை. அதன் மேல் சிஐடி இவனைத் தேடி மூன்றுமுறை வந்தது என்று ஒரு மாடி கட்டினோம். 2013இல் மேல் தீர்ப்பாயம் இலங்கைத் தமிழர் வழக்கில், புலம்பெயர் நாட்டில் பிரிவினைக்காகக் குறிப்பிடத்தக்க பங்கெடுப்பவர்களுக்கு ஆபத்து உண்டு என்று சொன்ன பிறகு, ஆர்ப்பாட்டத்தில் கொடியோடு நிற்கும் படம் இல்லாத கேஸ் கேஸே இல்லை என்ற நிலை. இவனையும் வெஸ்ற்மினிஸ்ரருக்குக் கூட்டிக்கொண்டுபோய்ப் படம் எடுத்தோம். தீர்ப்பு எப்படியோ கதையும் அப்படி. எழுதிக்கொண்டிருந்தபோது அவன் ஒருதரம் கேட்டான்: "வேற காரணத்துக்காக ஓடி வந்தால் எடுக்க மாட்டினமோ அண்ணை?" என்ன காரணம் என்று நாம் கேட்கவில்லை. கடையில் அடுப்புப் பற்றவைக்கும் நேரம். "இயக்கக் கேஸ்தான் பலம், தம்பி" என்றோம்.

அவனுடைய முதல் மறுப்பு 2020இல் வந்தது. மேன்முறையீடும் அடுத்த வருடம் தோற்றது. தேதிகள் ஒன்றோடொன்று பொருந்தவில்லையாம். பொருந்தாதுதான், நாம் இட்ட தேதிகள். அதற்குப் பிறகு ஒரு திங்கட்கிழமை, கடை பூட்டிய நாள், உண்மையைச் சொன்னான். கிளிநொச்சியில் அவனோடு ரியூசன் படித்த ஒருவன். இருவரையும் கண்டுவிட்ட ஒரு மாமன். பொலிஸ் நிலையத்தில் ஓர் இரவு. தாய் தன் தாலிக்கொடியை அடைவு வைத்து ஏஜென்சிக்குக் கட்டியது அவனை இராணுவத்திடமிருந்து காப்பாற்ற அல்ல. நாம் சொன்ன முதல் வார்த்தை என்ன என்று நினைக்கிறீர்கள்? "இதை ஏன் முதலே சொல்லேல்லை?" பிந்திச் சொல்பவர்களிடம் எல்லா அதிகாரிகளும் கேட்பது அதே கேள்வி. முதல் தடவையே சொல்லவில்லை என்ற ஒரே காரணத்துக்காக நம்பாமல் விடக்கூடாது என்று, மேலே சொன்ன 2014 டிசெம்பர்த் தீர்ப்பிலேயே ஐரோப்பிய நீதிமன்றம் எழுதியிருக்கிறது. நீதிபதிகளுக்கு விளங்கியது எமக்கு விளங்கவில்லை.

ஏன் சொல்லவில்லை என்பதற்கு அவன் சொன்ன காரணத்தை அப்படியே எழுதுகிறோம். விசாரணை அறையில் மேசைக்கு அந்தப்பக்கம் இருந்த வெள்ளைக்காரியைப் பற்றி அவனுக்குப் பயம் இல்லை. பக்கத்தில் கோட் போட்டு இருந்த தமிழ் மொழிபெயர்ப்பாளரைப் பற்றித்தான் பயம். "அந்த ஐயா எங்கட கடைக்குச் சாப்பாடு எடுக்க வாறவர்."

எமது விமர்சனம் இங்கே நிற்கிறது. செல்வனின் நான்கு சொற்களும் அதிகாரி, அகதி என்ற இரண்டு பேருக்கு இடையில் நடக்கும் உரையாடலுக்காக வகுக்கப்பட்டவை. அந்த அறையில் மூன்று பேர் இருக்கிறார்கள். மூன்றாமவர் வழியாக ஊரே அங்கு வந்து குந்தியிருக்கிறது. சட்டம் செல்வனின் துறை. அவர் தீர்ப்புகளின் வழியே பார்க்கிறார். தீர்ப்புகளில் மொழிபெயர்ப்பாளர் பெரும்பாலும் குரல் இல்லாத ஆள். சசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் 2016 முதல் 2020 வரை ஜேர்மனி, இத்தாலி, பிரித்தானியா மூன்று நாடுகளிலும் இதே விடயத்தை ஆராய்ந்த குழுவினர் மொழிபெயர்ப்பாளர் பிரச்சினையைத் தொட்டிருக்கிறார்கள். ஆனால் தொட்டுவிட்டுப் போகிற விடயமல்ல இது. 'ஓரினச்சேர்க்கை' என்று சொல்லக் கூசி 'கெட்ட பழக்கம்' என்று மொழிபெயர்க்கிற ஒருவர் கிடைத்துவிட்டால் நான்கு சொற்களும் நாலாயிரம் பக்க ஆய்வும் அந்த ஒரு வாக்கியத்தோடு முடிந்துபோகும். அதிகாரியின் கேள்வியைத் திருத்தலாம், பயிற்சி கொடுக்கலாம். எமது வாயை யார் திருத்துவது?

இன்னொரு தீர்ப்பைப் பற்றியும் சொல்லாமல் விடமுடியாது. ஏனென்றால் அது நேரடியாக எமது நாட்டைப் பற்றியது. 2015இல் மேல் தீர்ப்பாயம் இலங்கையின் தன்பாலீர்ப்புள்ள ஆண்கள் பற்றி ஒரு வழிகாட்டித் தீர்ப்புக் கொடுத்தது. 1883ஆம் ஆண்டுச் சட்டக்கோவையின் 365, 365அ பிரிவுகள் இருப்பதால் அவர்கள் 'குறிப்பிட்ட சமூகக் குழு' என்பதை அது ஏற்றுக்கொண்டது. ஆனால் பொதுவாக அவர்களுக்கு நேர்வது துன்புறுத்தல் என்ற அளவை எட்டாது என்றது. ஊரில் ஆபத்து இருந்தாலும் பலருக்கு நாட்டுக்குள்ளேயே வேறிடம் போக வழியுண்டு என்றது. கொழும்பில் இப்படியானவர்கள் கணிசமாக வாழ்கிறார்கள் என்றும் சொன்னது.

கொழும்பு! இந்தச் சொல்லை லண்டனில் இருந்து எழுதுபவருக்கும் கிளிநொச்சியில் இருந்து வருபவருக்கும் இடையில் எவ்வளவு தூரம். கொழும்பில் அமைப்புகள் இருக்கின்றன, உண்மை. 1995இல் 'கொம்பானியன்ஸ் ஒன் எ ஜேர்னி', 2004இல் 'ஈக்குவல் கிரவுண்ட்' அங்கே தொடங்கின. ஈக்குவல் கிரவுண்டை நிறுவிய றொசானா ஃபிளேமர்-கல்டேரா ஐ.நா. பெண்கள் உரிமைக் குழுவிடம் கொண்டுபோன முறைப்பாட்டில் 2022இல் இலங்கை அரசு உரிமைகளை மீறியது என்று தீர்ப்பும் வாங்கினார். அதை நாம் குறைத்து மதிக்கவில்லை. ஆனால் தமிழனுக்குக் கொழும்பு என்பது பொலிஸ் பதிவுத் துண்டு. லொட்ஜ் கதவில் இரவு இரண்டு மணிக்குக் கேட்கும் தட்டல். 2007 யூன் 7ஆம் திகதி வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி லொட்ஜுகளில் இருந்து நூற்றுக்கணக்கானவர்களை பஸ்களில் ஏற்றி வவுனியாப் பக்கம் கொண்டுபோய் விட்டார்கள். மறுநாள் உயர்நீதிமன்றம் தலையிட்டு நிறுத்தவேண்டி வந்தது. அந்தக் காலம் போய்விட்டது என்பார்கள். போகட்டும். வன்னியில் இருந்து தனியாக வரும் முப்பது வயதுத் தமிழனுக்கு அறை கொடுக்கும் வெள்ளவத்தை வீட்டுக்காரர் முதல் கேட்கும் கேள்வி "தம்பி இன்னும் கலியாணம் கட்டேல்லையோ?" அடுத்தது "சொந்த இடம் எது, அப்பா ஆர்?" மூன்றாவது கேள்விக்குள் ஊருக்குப் போன் போய்விடும். சிங்களப் பகுதியில் போய் இருக்கலாம் என்றால் அவன் அங்கே முதலில் தமிழன், பிறகுதான் மற்றது. இரண்டு சிறுபான்மையாக ஒரே உடம்பில் இருப்பவனுக்கு இடம்மாற்றம் என்றால் ஒன்றிலிருந்து தப்பி மற்றதிடம் போவது. சியாம் செல்வதுரை 1994இல் வெளியிட்ட 'ஃபனி போய்' நாவலில் ஆண்பிள்ளைகளை விரும்பும் ஒரு தமிழ்ச் சிறுவன் வளர்வதும் 1983 கலவரமும் ஒரே கதைக்குள் வருகின்றன. அவனுடைய ஊர் கொழும்புதான். அந்த நாவலைத் தீர்ப்பாயத்தின் வாசலில் ஒரு பிரதி வைத்தால் நல்லது.

2023 மே மாதத்தில் இலங்கை உயர்நீதிமன்றம் அந்தப் பிரிவுகளை மாற்றும் மசோதா அரசியலமைப்புக்கு முரணானதல்ல என்றது. பாராளுமன்றம் அடுத்த வருடம் கலைக்கப்பட்டது, மசோதாவும் அதோடு போயிற்று. இந்தியாவில் 2018 செப்ரெம்பர் 6ஆம் திகதி நடந்தது எமக்குப் பக்கத்துவீட்டுக் கலியாணம்போல.

கலொஜெரோ ஜியாமெற்றா என்பவரின் 2017ஆம் ஆண்டுப் புத்தகத்தையும் கூடப் படித்தோம். அவரும் லண்டனில் செய்த கலாநிதி ஆய்விலிருந்துதான் அதை எழுதினார். இவர் சட்டக்காரர் அல்ல, சமூகவியல்காரர். ஆட்களோடு கூடத் திரிந்தவர். விசா கிடைப்பதோடு கதை முடிவதில்லை, அதன்பிறகு வாடகை, வேலை, தனிமை என்று இன்னொரு கதை தொடங்குகிறது என்று காட்டுகிறார். காப்பாற்றப்பட்டவன் என்றென்றும் நன்றியோடும் துயரத்தோடும் நிற்கவேண்டும் என்று எதிர்பார்க்கிறார்கள் என்ற அவருடைய அவதானம் எமக்குப் பிடித்தது. எம்மிடமும் அதையே எதிர்பார்க்கிறார்கள். ஆனால் அவர் புத்தகத்தின் அகதிகள் போய்ச் சேர ஒரு குழுவாவது, ஒரு சந்திப்பாவது இருக்கிறது. எமது பெடியன் சோஹோவுக்கு ஒருமுறை போய்வந்தான். அங்கே ஒரு பியரின் விலை அவனுடைய அரைநாள் சாப்பாடு. பேசியது ஒன்றும் விளங்கவில்லை. பிரவுண் நிறத்தில் இருந்தது தான் மட்டும் என்றான். திரும்பி வந்து எம்மோடு இருந்து தொலைக்காட்சியில் வடிவேலுவின் பகிடிகளைப் பார்த்தான். அதில் ஆண் பெண்ணாக நடந்து காட்டும் காட்சி வந்தபோது எல்லோரும் சிரித்தோம். அவனும் சிரித்தான். அப்போது எமக்கு அவனைப் பற்றி ஒன்றும் தெரியாது. இப்போது அந்தச் சிரிப்பை நினைத்துப் பார்க்கிறோம்.

செல்வனின் ஆய்வேடு தமிழில் வரவேண்டும். முழுவதும் முடியாவிட்டால் அந்த நான்கு சொற்களும், அவற்றுக்குக் கேட்கக்கூடிய கேள்விகளும் நாலு பக்கத்திலாவது வரவேண்டும். மொழிபெயர்ப்பு வேலை செய்யும் எம்மவர்கள் கையில் அது முதலில் போய்ச் சேரவேண்டும். மூன்றாவது சொல்லுக்கு என்ன போடுவது என்பதை மட்டும் படித்தவர்கள் நாலுபேர் கூடித் தீர்மானியுங்கள். எமது யோசனை, அதற்கு ஒரு சொல்லை வைக்கவேண்டாம் என்பது. 'வீட்டில் தெரிந்தால் என்ன நடந்திருக்கும்?' என்று கேளுங்கள். தமிழனுக்கு வாய் திறக்கும்.

பெடியன் புதிய மனுப் போட்டிருக்கிறான். அதுவும் முதலில் மறுக்கப்பட்டு, மேன்முறையீடு வருகிற மாதம். மொழிபெயர்ப்பாளராக லண்டன் இலங்கைத் தமிழர் ஒருவரும் வேண்டாம், தமிழ்நாட்டுக்காரர் ஒருவரைத் தாருங்கள் என்று சட்டத்தரணி மூலம் எழுதிக் கேட்டிருக்கிறான். பேச்சு வழக்கு ஒத்துவருமா என்று சட்டத்தரணி கேட்டிருக்கிறார். "என்ர தமிழை நான் மெதுவாக் கதைக்கிறன்" என்றானாம். எம்மையும் சாட்சியாகக் கூப்பிட்டிருக்கிறான். முதல் வாக்குமூலத்தை எழுதியது யார், ஏன் அப்படி எழுதினீர்கள் என்று அங்கே கேட்பார்கள். செவ்வாய்க்கிழமைக்கு முதலாளியிடம் லீவு கேட்டிருக்கிறோம். காரணம் கேட்டார். இன்னும் சொல்லவில்லை.